நுரையீரல் அழற்சியும் பொட்டாசியம் சேனல்களும்: புதிதாகப் படிப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பை தாராவியில் குயவர்கள் வாழும் கும்பார்வாடாவில் சூளை மூட்டினால் பக்கத்துச் சந்துகளெல்லாம் புகை. செம்பூர்க்காரர்களுக்கு ரிஃபைனரி நெடி பழகிப்போனது; 2016 ஜனவரி இறுதியில் தேவ்னார் குப்பைமேடு எரிந்தபோது நாள்கணக்கில் கண் எரிச்சலும் இருமலும். டாக்டர் "நுரையீரல்ல அழற்சி" என்கிறார். அது எப்படி மூள்கிறது என்பது மூச்சுவிடும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

படி 1: இரண்டு எண்கள்

அழற்சியின் கதையைப் பொட்டாசியத்திலிருந்து தொடங்குவோம். செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே, ரத்தத்தில், 4 சொச்சம்தான். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றவே செல் ஓயாமல் சக்தியைச் செலவிடுகிறது. செல் சவ்வில் புரதத்தாலான நுண்வாயில்கள் உண்டு, அவையே சேனல்கள். பொட்டாசியம் சேனல் திறந்தால் பொட்டாசியம் பெரும்பாலும் வெளியேதான் பாயும். அதைவிடச் சிறிய சோடியத்தை அது விடாது! அந்தச் சேனலின் அணு அமைப்பை 1998-ல் காட்டிய ராடரிக் மெக்கின்னனுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

படி 2: தூசி உள்ளே போனதும்

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். காற்று நுண்ணறைகளில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள் சுற்றிக்கொண்டிருக்கும். காய்ந்த களிமண் தூளிலும் கல் அறுக்கும் தூளிலும் இருக்கும் சிலிக்கா துகளை ஒரு மேக்ரோபேஜ் விழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். துகள் செரிக்காது. அதை அடைத்த பை உள்ளேயே கிழிகிறது. செல்லிலிருந்து பொட்டாசியம் கசிந்து குறைகிறது. கிருமித் தொற்றில் வழி வேறு: அடிபட்ட செல்கள் சிந்தும் ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறு வந்து மேக்ரோபேஜைத் தொட, ட்விக்-2 போன்ற சேனல் வழியாகப் பொட்டாசியம் வெளியேறுகிறது.

எந்த வழியானாலும், உள்ளே பொட்டாசியம் இறங்கியதும் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதக் கூட்டு ஒன்றுசேர்கிறது. அது காஸ்பேஸ்-1 நொதியை முடுக்க, ஐ.எல்.-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் புரதம் வெளியே கொட்டுகிறது. ரத்தக் குழாய் கசிய, வெள்ளணுக்கள் திரள, நுண்ணறையில் நீர் கோக்கிறது. 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ட்விக்-2 இல்லாத எலிகளுக்குக் கிருமி நச்சால் வரும் நுரையீரல் அழற்சி வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள்.

படி 3: எல்லாச் சேனலும் எதிரியல்ல

ட்ரெக்-1 சேனல் இல்லாத எலிகளுக்கு, அதிக ஆக்ஸிஜனால் வரும் நுரையீரல் சேதம் கூடுகிறது. மூச்சுக்குழாய்த் தசை தளர்வதற்கும் சில பொட்டாசியம் சேனல்கள் உதவுகின்றன. ஆகவே எல்லாவற்றையும் அடைத்துவிடும் மருந்து ஆபத்தாகவே முடியும். எந்தச் சேனல், எந்தச் செல்லில் என்று பார்த்துத் தொடும் மருந்துதான் வேண்டும். அது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

படி 4: இன்றைக்கு நாம் செய்யக்கூடியது

பொட்டாசியம் என்றதும் இளநீரும் வாழைப்பழமும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். சாப்பிடும் பொட்டாசியம் இந்தக் கசிவை அடைக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இதயத்துடிப்பையே குலைக்கும். தூள் பறக்கும் வேலையில் கைக்குட்டை போதாது. என்-95 முகக்கவசம் கட்டுங்கள், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இழுப்புக்கு சால்பூட்டமால் பம்ப் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மருந்து ரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளும். நெபுலைசர் அடிக்கடி வைத்தபின் கைகால் தளர்ந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பொட்டாசியத்தைப் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். அது சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.