படிப்புக்கு ஒரு பயம் வேண்டும்

வட்டவளை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகனுக்கு,

உன் அம்மா போனில் பேசினாள். அம்மன் திருவிழாவுக்கு நீ வரமாட்டாயாம். "இருநூறு வருஷமாகக் கும்பிட்டும் லயத்தில்தானே கிடக்கிறோம்" என்றாயாம். ஹட்டனில் அந்தக் கடன் கம்பெனி வேலையை ஏற்கப்போகிறாய் என்றும், பத்தனை ஸ்ரீ பாத கல்வியியல் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேரும் பேச்சையே எடுப்பதில்லை என்றும் சொன்னாள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாக எனக்குப் படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எந்த வேலைக்குப் போவது என்பது உன் விருப்பம். அதில் நான் தலையிட மாட்டேன்.

உன் கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்க வேண்டியவர்களை விட்டுவிட்டு அம்மனைக் கேட்கிறாய். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா போதும் என்று அளந்து லயம் கட்டியவன் படித்தவன். 1948இல் சட்டம் போட்டு நம் மலையகச் சனத்தின் பிரஜாவுரிமையை எடுத்தவர்களும் படித்தவர்கள். மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு உரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. அவர்களுக்கு அறிவு போதாமலா இருந்தது? தங்களுக்கு மேலே ஒருவன் கணக்குக் கேட்பான் என்ற பயம் போதவில்லை. அதற்கு, அந்த லயத்துக்குள் விளக்கேற்றிக் கும்பிட்டவர்கள் மேல் பழி போடாதே. கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள், ஊர்க் கோவிலின் பிடிமண்ணை மடியில் கட்டிக்கொண்டு வந்ததாகத்தான் நம் பெரியவர்கள் சொல்வார்கள். காணியும் இல்லை, திரும்பிப் போக வழியும் இல்லை. நம்புவதற்கு ஒருத்தி இருந்ததால் எழுந்து நின்றார்கள்.

உன் தாத்தா தேயிலைக் கவ்வாத்து வெட்டுவதில் எப்பேர்ப்பட்டவர் என்று தோட்டமே சொல்லும். ஆனாலும் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போடாமல் ஒரு செடியிலும் கத்தி வைக்க மாட்டார். செடியை மொட்டையடிக்கத் தன் கை போதும், திரும்பத் துளிர்க்க வைக்கத் தன்னால் ஆகாது என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்த கைதான் அளவாக வெட்டும். தேயிலை ஸ்டோரில் ரோதைமுனியைக் கும்பிட்டுவிட்டு மெஷினைத் தொட்டவர்களுக்கும் அந்தத் தெளிவு இருந்தது. நீ அதை மூடநம்பிக்கை என்கிறாய். நான் அதைத்தான் அறிவு என்கிறேன்.

படிப்பு மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்று நம் வீட்டுக்குத் தெரியாதா? அந்த மனிதரின் பெயரை எழுத மாட்டேன். உன் அம்மாயியின் சேமலாப நிதி விஷயம் உனக்குத் தெரியும். தோட்டத்தில் இங்கிலீசும் சிங்களமும் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆயுசு முழுக்கக் கொழுந்தெடுத்த கையின் பெருவிரலைப் பிடித்துத் தாளில் வைத்து எடுத்தார். என்ன தாள் என்று அம்மாயிக்குத் தெரியாது. வந்த காசில் எவ்வளவு அவர் பைக்குப் போனது என்று இன்றைக்கும் நமக்குத் தெரியாது. அவரும் விபூதி பூசுகிறவர்தானே என்று நீ கேட்பாய். பூசினார், ஊர் பார்க்க. யாரும் பார்க்காத அறையிலும் ஒருவன் பார்க்கிறான் என்று நம்பியிருந்தால் அந்த விரலை விட்டிருப்பார். அம்மாயி சாகும்வரை அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அந்த மனசு வரவில்லை. எழுதும்போதே நெஞ்சு எரிகிறது.

இப்போது உன் கம்பெனி வேலையைப் பார். பெண்களைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணை வைத்து, வாராவாரம் தவணை வாங்குகிறார்கள். மழையில் கொழுந்து குறைந்து அரைநாள் சம்பளம் விழுகிற வாரத்திலும் தவணை குறையாது. கட்ட முடியாதவளின் வாசலில் அவளுடைய கூட்டாளிகளே சத்தம் போடும்போது, நீ மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். வட்டிக் கணக்கு உனக்குப் புரியும், அவளுக்குப் புரியாது. அவள் கையெழுத்தை நீ வாங்குவாய். அம்மாயியின் பேரனான நீ வாங்குவாய்.

சாமி நம்பிக்கை விஞ்ஞானம் படித்தவனுக்கு ஒத்துவராது என்றும் சொன்னாயாம். சுவாமி விபுலானந்தர் யார்? 1892இல் காரைதீவில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். அந்தக் காலத்தில் அந்தப் படிப்புக்குக் கிடைக்காத நாற்காலி உண்டா? 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். துறவியாகித் திரும்பி வந்து மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். படித்த விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் வைத்துத்தான், வழக்கொழிந்துபோன யாழை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். கும்பிட்டதால் அவருடைய மூளை மழுங்கவில்லை. தன் படிப்பு யாருக்கு உரியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பத்தனையில் மூன்று வருஷம், அதுவரை வீடு எப்படி ஓடும், அப்பாவின் கடனுக்கு யார் பதில் சொல்வது என்று யோசிக்கிறாய். நியாயம். அந்த இடத்தில்தான் அம்மனை நம்ப வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற சம்பளத்தை நம்ப யாருக்கும் சாமி தேவையில்லை. வேறொன்றும் கேட்கவில்லை, சாயங்காலம் விளக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில். இன்றைக்கு என் படிப்பால் எவர் தலை நிமிர்ந்தது, எவர் தலை குனிந்தது என்று கேள். பதில் வரும். வந்த பிறகு நீயே முடிவெடு.

ராசா, கோபித்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் உன் அளவுக்குக் கெட்டிக்காரன் பிறந்ததில்லை. உன் ஏ.எல். பெறுபேற்றை நான் இன்னும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காண்பவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். எந்த வேலைக்குப் போனாலும் நீ என் பிள்ளை. கோவிலுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்குச் சாப்பிட வா. அத்தை உனக்காக நாட்டுக்கோழி ஒன்றைத் தனியே வைத்திருக்கிறாள். பத்தனை நேர்முகத்துக்கு நானே கூட்டிப்போகிறேன், புதுச் சப்பாத்தும் வாங்கித் தருகிறேன். கம்பெனிக்கே போனாலும் சப்பாத்து உனக்குத்தான்.

அம்மன் துணை.

இப்படிக்கு,
உன் மாமா