பரம்பரையும் சூழலும்

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. “பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்” என்பதும் அவர் வழங்கியதே. முன்னையது பரம்பரையின் வலிமையையும், பின்னையது சூழலின் வலிமையையும் உணர்த்துகின்றது. மனிதனுடைய அறிவையும் நடத்தையையும் உருவாக்குவது இவ்விரண்டனுள் எது என்னும் வினாவை உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர்.

தந்தை இருந்த வாங்கிலே மைந்தனும் இருந்து பயிலும் நம் கல்லூரியில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மைந்தன் கணக்கிலே பிழைவிடுங்கால், “தகப்பனும் இப்படித்தான், இரத்தத்தில் ஊறியது” என்று கூறிவிடுகின்றோம். ஆயின், தந்தையிடமிருந்து அவன் பெறுவன பரம்பரையலகுகள் மாத்திரமல்ல. அவருடைய வீட்டையும், பேச்சையும், பழக்கங்களையும் உடன்பெறுகின்றான். ஆதலின், இருவரிடையே காணும் ஒற்றுமையைக் கொண்டு காரணம் இதுவெனத் துணிதல் இயலாது.

இவ்விரண்டையும் பிரித்தறியும் பொருட்டே, ஒரே கருவினின்று தோன்றி, இளமையிலே பிரிக்கப்பட்டு, வெவ்வேறு இல்லங்களில் வளர்ந்த இரட்டையரை அறிஞர் ஆராய்ந்தனர். அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் புஷாட் 1979ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அவற்றுட் பெயர்பெற்றது. ஆராயப்பட்டோரிடையே காணப்பட்ட நுண்மதி ஈவு வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு பரம்பரையோடு தொடர்புடையதென 1990இல் வெளியான அதன் அறிக்கை கூறிற்று.

ஒரு மாணவனது அறிவில் 70 பங்கு பிறப்பாலும் 30 பங்கு படிப்பாலும் வந்தன என்று இதற்குப் பொருள்கொள்ளுதல் தவறாகும். அவ்வெண் ஒரு கூட்டத்தாரிடையே உள்ள வேறுபாட்டைக் குறிப்பதேயன்றித் தனியொருவனை அளப்பதன்று. சூழல் மாறின் அவ்வெண்ணும் மாறலாம். பரம்பரையால் வந்தது மாற்றவியலாதது என்னும் முடிவும் அதனாற் பெறப்படமாட்டாது.

இதற்கு ஒரு நோயே தக்க சான்று. நோர்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோர்ண் பேலிங் 1934இல் அதனைக் கண்டறிந்தார். தாய் தந்தையர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற அலகைப் பெறும் குழந்தையின் ஈரல், புரத உணவிலுள்ள பீனைலலனீன் என்னும் பொருளைச் செவ்வனே மாற்றமாட்டாது. அது குருதியில் மிகுந்து மூளையைத் தாக்கும், அறிவு குன்றும், நடத்தையும் பிறழும். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் ஹோர்ஸ்ற் பிக்கலும் அவர்தம் துணைவரும் அப்பொருள் குறைந்த உணவை ஒரு சிறுமிக்கு ஊட்ட, அவள் நிலை திருந்தக் கண்டனர். இக்காலத்திற் பல நாடுகளில், பிறந்த சில நாட்களுள் குழந்தையின் குதிக்காலிற் சில துளி குருதி எடுத்து நோயை அறிந்துவிடுகின்றனர். உடனே உணவை மாற்றி, அதனைத் தொடர்ந்து பேணிய குழந்தைகள் ஏனையோர் போலக் கற்று வளர்கின்றனர். பரம்பரையலகு மாறவில்லை, உணவே மாறிற்று.

பணியின் தொடக்கத்தில் யாமும் இவ்வகையில் ஒரு பிழை செய்தோம். மாணவனொருவன் கரும்பலகையில் உள்ளதை எந்நாளும் பிழையாகவே பெயர்த்தெழுதுவான். அவன் குடும்பத்திற் படித்தவர் எவருமிலர் எனக் கேள்வியுற்று, அவனைக் கடைசி வாங்கில் இருத்தி, வினாவுவதையும் விட்டோம். மறு ஆண்டு வேறோர் ஆசிரியர் அவனை முன்வாங்கிற்கு அழைத்தார். அவனுக்குக் குறும்பார்வை என்பதைக் கண்டவர் அவரே. மூக்குக்கண்ணாடி அணிந்தபின் அவன் பிழையின்றி எழுதினான். குறும்பார்வையிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. அதுபற்றி எவரும் கண்ணாடி வேண்டாமென்று கூறுவதில்லை.

மாணவர்காள், தந்தையர் பெற்ற புள்ளிகளை நும் எல்லையெனக் கொள்ளற்க. பெற்றோராய் விளங்கும் பழைய மாணவர்களே, “என்னைப் போலவே இவனும்” என்று கைவிடற்க. பிள்ளை கொண்டுவந்த வித்தை நாம் தெரிந்தெடுத்தல் இயலாது. ஆயினும் அவனை எவ்வாங்கில் இருத்துவது என்பது நம் கையிலேயே உள்ளது.