பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன்: மகளிர் நோய்ப் பகுதிக்குச் செல்வோர்க்கு ஒரு பாடம்

(சங்கக் கூட்டத்தில் காரியதரிசி உரக்க வாசிப்பதற்கும், அங்கத்தினர் வீட்டுப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவதற்கும் உரியது)

கடன் மனு ஒன்று சங்கத்துக்கு வந்தால் பஞ்சாயத்தார் முதலிற் பார்ப்பது அதிலுள்ள விவரங்களையே. நிலத்தின் சர்வே நம்பர் இல்லை, முன்கடன் எவ்வளவு என்று எழுதவில்லை என்றால் மனு திரும்பிப் போகும். மனுதாரர் விதைக்கும் பருவத்தை இழப்பார். மனுதாரர் யோக்கியர், தேவை உண்மையானது என்றாலும் விவரம் இல்லாத மனுவின் மீது ஒருவரும் உத்தரவு போட இயலாது.

ஆஸ்பத்திரியின் புற நோயாளிப் பகுதியும் இத்தகையதே. அங்கே ஒரு டாக்டர் ஒரு காலைப் பொழுதில் பல பெண்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிஷங்களே. அந்தச் சில நிமிஷங்களில் நோயின் கணக்கைத் தெளிவாகச் சொல்பவளுக்குத் தக்க சிகிச்சை விரைவிற் கிடைக்கிறது. வெட்கத்தினாலோ மறதியினாலோ "வயிற்று வலி" என்று மட்டும் சொல்பவள் வயிற்று வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப நேரிடலாம். ஆகவே, ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வேலை முந்தின நாள் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

எங்கே செல்வது?

சூரமங்கலம் சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று. சேலம் ஜங்ஷன் ரயில் நிலையம் இங்குள்ளது. சுற்றுப்புறக் கிராமத்தார் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ நகர்ப்புற சுகாதார நிலையத்திற்கோ செல்வது நலம். மேல்சிகிச்சை வேண்டுமென்று அங்கே சீட்டு எழுதிக் கொடுத்தால், செல்ல வேண்டிய இடம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகும். இதில் புதியவர்கள் மயங்குவதுண்டு. 1986-ல் ஏற்பட்ட கல்லூரி இரும்பாலை ரஸ்தாவில் இருக்கிறது. நோயாளிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரியோ நகரின் நடுவே கோட்டைப் பகுதியில் இருக்கிறது. கல்லூரி வாசலில் இறங்கிவிட்டு, மறுபடி பஸ் ஏறி நகருக்கு வருவதற்குள் காலைப் பொழுது கழிந்துவிடும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் சீட்டுப் பதிய வேண்டும் என்பதைக் கிராம சுகாதார நர்ஸிடம் முன்னதாகவே கேட்டறிந்துகொள்ள வேண்டும். 104 என்னும் டெலிபோன் எண்ணிலும் சுகாதார விவரங்களைக் கேட்கலாம்.

தாமதத்தின் விலை

பெண்களின் நோய்கள் முற்றுவதற்கு முதற்காரணம் வெட்கம். இது புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டுப் புருஷர்கள் பிரசவ வேதனைப்பட்ட தம் மனைவியர்க்காக உதவி தேடி ஐடா ஸ்கடர் என்னும் இளம் பெண்ணிடம் வந்தனர். அவர் அப்போது வைத்தியம் கற்றவரல்லர். அவருடைய தந்தையார் டாக்டர். எனினும் ஓர் ஆண் வந்து பார்ப்பதற்கு அம்மூவரும் சம்மதிக்கவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று வைத்தியம் கற்று, 1900-ல் வேலூரில் சிறிய மருந்தகம் ஒன்றைத் தொடங்கியதும், 1918-ல் அங்கே பெண்களுக்கென வைத்தியப் பள்ளி ஏற்படுத்தியதும் அவ்விரவின் விளைவே.

தாமதியாமற் சென்றால் வரும் பலனுக்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கருப்பை வாயில் உண்டாகும் புற்றுநோய்க்குக் காரணம் பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்னும் கிருமியே. இதைக் கண்டறிந்ததற்காக ஹரால்ட் ட்ஸுர் ஹௌசன் என்னும் ஜெர்மானிய அறிஞருக்கு 2008-ல் நோபெல் பரிசு கிடைத்தது. கிருமி தொற்றி அது புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்குள் கண்டுபிடித்தால் எளிதில் நீக்கிவிடலாம். திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் சோதித்தனர். சோதனை மிக எளியது. காடிக்கு ஒப்பான நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். சோதனை நடந்த கிராமங்களில், நடவாத கிராமங்களைவிட, இந்நோயால் ஏற்பட்ட மரணம் 100-க்கு 35 வீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. நோயின் அடையாளம் எதுவுமில்லாத பெண்ணும் 30 வயதுக்கு மேல் இச்சோதனையைச் செய்துகொள்வது அவசியம்.

முந்தின நாள் எழுத வேண்டிய கணக்கு

ஒரு பக்கக் காகிதம் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டிலுள்ள பெண்ணோ, நம்பிக்கையுள்ள தோழியோ எழுதிக் கொடுக்கலாம். எழுத வேண்டியவை பின்வருமாறு:

1. கடைசி மூன்று மாதவிடாய்களும் தொடங்கிய தேதிகள். பெண்கள் இதைப் பெரும்பாலும் பண்டிகையைக் கொண்டே நினைவு வைத்திருப்பர். "ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்", "கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வெள்ளி" என்று நினைவிருந்தால், நாட்காட்டியைப் பார்த்துத் தேதியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

2. எத்தனை நாள் உதிரம் போகிறது; ஒரு நாளைக்கு எத்தனை துணி அல்லது நாப்கின் மாற்ற நேர்கிறது; கட்டி கட்டியாக விழுகிறதா. "அதிகம்" என்னும் சொல்லால் டாக்டருக்குப் பிரயோஜனமில்லை. பால் சங்கத்தில் "நல்ல பால்" என்று சொன்னால் விலை போடுவதில்லை. அளவும் கொழுப்பும் தெரியவேண்டும். அதுபோல "நாளைக்கு ஏழு துணி, எட்டு நாள்" என்பதே கணக்கு.

3. இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ, தம்பதிகள் சேர்ந்தபின்போ உதிரம் காண்கிறதா. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தவள் ஒரு துளி கண்டாலும் அதை முதல் வரியில் எழுத வேண்டும். "மறுபடியும் தூரமாகிவிட்டேன்" என்று சிரித்துவிட்டு விடத்தக்க விஷயமன்று அது. பெரும்பாலும் சிறு காரணமாகவே இருக்கும். ஆயினும் சில சமயம் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவே.

4. வெள்ளைப்படுதலின் நிறம், நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி, சிறுநீர் எரிச்சல், இருமினால் சிறுநீர் கசிதல், அடி இறங்கியதுபோல் தோன்றுதல். இவற்றுள் எது உண்டு, எத்தனை மாதமாக உண்டு என்பது.

5. கர்ப்பங்கள் எத்தனை, பிரசவங்கள் எத்தனை, கலைந்தவை எத்தனை. ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை உண்டா. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆயிற்றா. காப்பர்-டி வைத்திருக்கிறதா, எந்த வருஷம் வைத்தது.

6. சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு முதலிய நோய்களும், ஒவ்வாத மருந்துகளும். உட்கொள்ளும் மருந்தின் பெயர் வாயில் வராவிட்டால் மாத்திரை அட்டையையே கொண்டு செல்லலாம். நாட்டு மருந்தையும் மறைத்தலாகாது.

7. கேட்க விரும்பும் மூன்று கேள்விகள். மூன்றுக்கு மேல் எழுதினால் முக்கியமானது பின்தங்கிவிடும்.

உடன் கொண்டு செல்பவை

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அது, சுகாதார நிலையத்துச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டு செல்ல வேண்டும். பழைய இரத்தச் சோதனை, ஸ்கேன் காகிதங்களைத் தேதி வரிசையில், புதியது மேலாக அடுக்கி ஒரு பையில் வைக்க வேண்டும். இவற்றோடு குடிநீர், சிற்றுண்டி, மாற்றுத் துணி ஒன்று, நாப்கின் இரண்டு வேண்டும். உள்பாவாடையுடன் கூடிய சேலையோ தளர்ந்த உடையோ சோதனைக்கு வசதியானது. நகை அணிந்து செல்லவேண்டுவதில்லை.

உடலைச் சித்தம் செய்தல்

வழக்கம்போல் குளித்துச் செல்வது போதும். பிறப்புவழியின் உள்ளே சோப்போ மருந்துநீரோ விட்டுக் கழுவக்கூடாது. கழுவினால் டாக்டர் காண வேண்டிய அடையாளங்களே போய்விடும். கருப்பை வாய்ச் சோதனை இருந்தால் அதற்கு முந்திய இரண்டு நாட்களும் தம்பதிகள் சேர்க்கையும், உள்ளே வைக்கும் மருந்தும் தவிர்க்கத்தக்கவை. அச்சோதனைக்கு மாதவிடாய் இல்லாத நாளே ஏற்றது. ஆனால் நோயே அதிக உதிரப்போக்கு என்றால், அது நிற்கட்டும் என்று காத்திருத்தல் தவறு.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னாலன்றிப் பட்டினி கிடக்கவேண்டுவதில்லை. வயிற்றின் மேல் ஸ்கேன் பார்ப்பதற்கு நீர் குடித்துச் சிறுநீரை அடக்கியிருக்கச் சொல்வார்கள். உள்சோதனைக்கோ சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று எதிரானவையாதலால், எது முதலில் என்று நர்ஸிடம் கேட்டறிந்த பிறகே கழிப்பறைக்குச் செல்ல வேண்டும்.

அறைக்குள் நடப்பது

டாக்டர் முதலிற் கேள்விகள் கேட்பார். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். அவசியமானால் திரை மறைவில், வாத்தின் அலகு போன்ற ஒரு கருவியைக் கொண்டு உள்ளே பார்ப்பார். இது சில நிமிஷங்களில் முடிந்துவிடும். உடம்பை இறுக்காமல் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் வேதனை குறையும். வலித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். மணமாகாத பெண் என்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேல் ஸ்கேன் பார்த்தே தெரிந்துகொள்வர். ஆண் டாக்டர் சோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருக்கக் கேட்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டியலில் இது கண்டிருக்கிறது.

புறப்படுமுன் மூன்று விஷயங்களைத் தெளிந்துகொள்ள வேண்டும்: நோய் இன்னதென்று எண்ணுகிறார்கள், எந்த மருந்து எத்தனை நாள், மறுபடி வர வேண்டிய நாள் எது. கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்று எவரேனும் சொன்னால், காரணம் என்ன, மருந்தால் தீருமா, மற்றொரு டாக்டரையும் கேட்கலாமா என்று வினவுவது மரியாதைக் குறைவன்று.

காத்திராமற் செல்ல வேண்டிய சமயங்கள்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து அது தொடர்ந்தாலும், மயக்கம் வந்தாலும், மாதவிடாய் தள்ளிப்போனவளுக்குத் திடீரென அடிவயிற்றில் கடும் வலி கண்டாலும், வலியோடு காய்ச்சல் இருந்தாலும், கர்ப்பிணிக்கு உதிரம் பட்டாலும் குறித்த நாளை எதிர்பார்த்திருத்தல் ஆகாது. 108-க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

அங்கத்தினர் செய்ய வேண்டியது

ஆஸ்பத்திரி வாசல் வரை துணை செல்வது புருஷன் கடமை. உள்ளே மனைவிக்குப் பதிலாகத் தானே பதில் சொல்வது அவன் கடமையன்று. கலைந்த கர்ப்பம், வீட்டில் விழுந்த அடி முதலிய சில விஷயங்களைப் புருஷன் முன்னும் மாமியார் முன்னும் ஒரு பெண்ணால் சொல்ல முடியாது. ஆகையால் சிறிது நேரமாவது அவள் டாக்டரிடம் தனியே பேச விட வேண்டும்.

தறியிலோ வெள்ளிப் பட்டறையிலோ ஒரு நாள் வேலை நின்றால் ஒரு நாள் கூலி நஷ்டம் என்பது உண்மையே. அந்த ஒரு நாளைக் கணக்குப் பார்த்துப் பல மாதம் தள்ளிப்போடுகிற குடும்பம், பின்னால் வட்டியும் முதலுமாகச் செலுத்துகிறது. தவணை கடந்த கடன் வளர்வதைச் சங்கத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. தவணை கடந்த நோயும் அவ்வாறே வளரும். காரியதரிசி மேற்கண்ட ஏழு விவரங்களையும் ஒரு தாளில் அச்சிட்டோ எழுதியோ சங்கத்தில் வைத்திருந்து, கேட்கும் பெண்களுக்குக் காரணம் வினவாமற் கொடுப்பாரானால் அது பெரிய உபகாரம்.

வாசித்தபின் கேட்கத்தக்க வினாக்கள்

1. மருத்துவக் கல்லூரி எங்கே, ஆஸ்பத்திரி எங்கே?
2. "உதிரம் அதிகம்" என்பதை எவ்வாறு கணக்காகச் சொல்வது?
3. மாதவிடாய் நின்ற பின் ஒரு துளி கண்டால் செய்யத்தக்கது யாது?
4. கருப்பை வாய்ச் சோதனைக்கு முன் இரண்டு நாள் தவிர்க்க வேண்டியவை எவை?
5. இந்த வீட்டில் 30 வயது கடந்த பெண்களுள் இச்சோதனை செய்துகொள்ளாதவர் எத்தனை பேர்? (இதற்கு விடையைக் கூட்டத்திற் சொல்லவேண்டுவதில்லை, ஒவ்வொருவரும் வீட்டிற்போய்க் கேட்டறிந்தால் போதும்.)