சின்ன வயதில் பெரிய புகழ்

போன மாதம் என் சித்தி மகன் ஒரு கேள்வி கேட்டான். படிவம் நான்கு படிக்கிறான். அவன் நடித்த குறும்படம் ஒன்று நிறைய பேருடைய கைப்பேசிக்குப் போய்விட்டது. "அண்ணே, இனிமே எஸ்.பி.எம். எதுக்கு? நடிப்பையே பாத்துக்கலாமே?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. சின்ன வயதிலேயே புகழ் பெற்ற நடிகர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில் மூன்று பேரைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. பணம் யாருக்கு?

ஜாக்கி கூகன், சார்லி சாப்ளினோடு 'தி கிட்' (1921) படத்தில் நடித்தபோது சின்னஞ்சிறுவன். உலகமே கொண்டாடியது, லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். பெரியவனானதும் பார்த்தால், அம்மாவும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டார்கள். பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே என்பதுதான் அன்றைய சட்டம். 1938-இல் வழக்குப் போட்டு, கடைசியில் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர்தான். அதன் பிறகுதான், 1939-இல், கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களுக்கான 'கூகன் சட்டம்' வந்தது. இன்று அங்கே வருமானத்தில் 15 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் தனியாகப் போட்டு வைக்க வேண்டும்.

2. உடம்பு என்ன ஆகும்?

ஜூடி கார்லண்ட் 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' (1939) படத்தில் நடித்தபோது பதின்ம வயதுப் பெண். விழித்திருக்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை என்று ஸ்டூடியோவில் கொடுத்தார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 1969-இல், 47 வயதில், தூக்க மாத்திரை அளவு மீறி இறந்தார்.

3. மீள முடியுமா?

முடியும். 'ஈ.டி.' (1982) வெளிவந்தபோது டுரூ பேரிமோருக்கு வயது 7. குடியும் போதையும் சேர்ந்து, 13 வயதிலேயே மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை. அதிலிருந்து எழுந்து வந்து, 1995-இல் சொந்தமாகப் படத் தயாரிப்பு நிறுவனமே தொடங்கினார். ஆனால் தொலைந்த பிள்ளைப் பருவம் திரும்பி வருமா?

நான் பொறியியல் மாணவன். எனக்குத் தெரிந்த உதாரணத்தைத்தான் சொல்ல முடியும். கான்கிரீட் ஊற்றிய மறுநாளே கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் வழக்கமாக 28-ஆம் நாள் சோதனையில்தான் அதன் பலத்தை உறுதி செய்வோம். அவசரப்பட்டு முட்டுக் கட்டைகளைப் பிரித்தால் விரிசல் விடும். அது கான்கிரீட்டின் குற்றமா? நேரத்துக்கு முன்னால் பாரம் ஏற்றியவர்களின் குற்றம். புகழும் ஒரு பாரம்தான்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "அப்போ நடிக்கவே கூடாதா?" என்றான். "தாராளமா நடிடா. ஆனா பள்ளிக்கூடத்த விடாதே. பணம் வந்தா உன் பேர்ல வங்கியில இருக்கட்டும். தப்பு செஞ்சா 'தப்பு'ன்னு முகத்துக்கு நேரா சொல்ற ஒரு ஆள பக்கத்துல வச்சிக்கோ" என்றேன். இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இந்த வாரம் டியூஷனுக்குப் போனான்.

சிந்திக்க:
• கைதட்டல் நின்ற பிறகு உங்களிடம் மிஞ்சுவது என்ன?
• உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை புகழ் பெற்றால், அதன் முட்டுக் கட்டையாக யார் நிற்பார்கள்?