கமக்காரரின் சிற்றுண்டியும் உடற்பருமனும்



சுருவில், நாரந்தனை, சரவணை, வேலணை முதலிய தீவகக் கிராமங்களில் நெற்செய்கை வானத்தை நம்பியது. வடகீழ்ப் பருவமழையோடு தொடங்கும் வயல் வேலை அறுவடையோடு ஓய்ந்துவிடும். அதன்பின், நன்னீர்க் கிணறுள்ள தோட்டங்களிலேதான் வேலை தொடரும். உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் வந்தமையால், மாட்டுடனும் துலாவுடனும் முன்பு செய்த உழைப்பும் குறைந்துவிட்டது. உழைப்புக் குறைந்தும் உணவின் அளவு குறையாவிடின், செலவாகாத பகுதி கொழுப்பாக மாறி வயிற்றிற் சேரும்.

இதனால் வரும் கேடு

வயிற்றுக் கொழுப்பு நீரிழிவு நோய்க்கு வழிவகுக்கும். வடக்கும் கிழக்கும் நீங்கலாக இலங்கையின் ஏழு மாகாணங்களில் 2005-2006 ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. கிராமப்புறங்களிலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அந்நோய் இருந்தது.

நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி மங்கும். வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவர், முள் தைத்ததையும் கல் வெட்டியதையும் அறியமாட்டார். புண் பழுத்துக் காலையே இழக்க நேரிடலாம். கமக்காரருக்குக் கால் போனால் கமமும் போகும்.

கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையாகும். அதனை எட்டியவர் வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதிப்பித்தல் வேண்டும்.

குறைக்க வேண்டியவை

சோறு, பிட்டு, இடியப்பம் யாவும் மாப்பொருள் மிகுந்தவை. இவற்றின் மேல் பணிசும் விசுக்கோத்தும் உண்பது மாப்பொருளின் மேல் மாப்பொருளைக் குவிப்பதாகும்.

தேநீரையும் கணக்கிற் சேருங்கள். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். இரண்டு கரண்டி வீதம் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை குடிப்பவர் 40 கிராம் சீனி உட்கொள்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் விரும்பத்தக்கதெனக் கூறிய அளவோ, சராசரி வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 25 கிராம் மட்டுமே. சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக் குடித்தாலும் உடலுக்குச் சேர்வது சர்க்கரையே. புழுக்கொடியலும் பனங்கிழங்கும் நம் மண்ணின் நல்லுணவுகள். ஆனால் அவையும் மாப்பொருளே. அவற்றை உண்ணும் நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தெடுக்க வேண்டியவை

1. அவித்த பயறு, கௌப்பி, கடலை: இவற்றிலும் மாப்பொருள் உண்டு. எனினும் புரதமும் நாரும் கூடியிருப்பதால் மெல்லச் செரித்து நெடுநேரம் பசி தாங்கும். ஒரு சிறு கிண்ணம் போதும். எண்ணெயிற் பொரித்த வடை இக்கணக்கிற் சேராது.

2. கச்சான்: மாப்பொருள் குறைவு, நூறு கிராமிற் புரதம் ஏறக்குறைய 25 கிராம். ஆனால் எடையிற் பாதியளவு கொழுப்பு. ஆகையால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். உப்பிட்டதைத் தவிர்த்து, கோதுடன் அவித்து உண்ணுங்கள். பூஞ்சணம் பிடித்த பருப்பில் ஈரலுக்குக் கேடான நஞ்சு இருக்கலாம்; அதை எறிந்துவிடுங்கள்.

3. அவித்த முட்டை: ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு, மாப்பொருள் ஒரு கிராமும் இல்லை.

4. வெள்ளரிக்காய், தக்காளி, சீனியிடாத மோர்: வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு நீரே. வெயிலில் நின்று வந்தவருக்குத் தாகமும் பசியும் ஒருங்கே தணியும்.

வயலிலேயே விளைவியுங்கள்

நெல் அறுத்த வயலில் ஈரம் உலருமுன் பயறு விதையுங்கள். 60 முதல் 70 நாட்களில் காய் பறிக்கலாம். பயற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை ஈர்ப்பதால், அடுத்த நெற்பயிருக்கும் மண் வளமாகும். விளைந்ததையெல்லாம் விற்றுவிட்டு அப்பணத்தில் விசுக்கோத்து வாங்காமல், வீட்டுக்கென ஒரு பங்கை நன்கு உலர்த்திச் சேமியுங்கள். கிணற்றடியில் நாலைந்து வெள்ளரிக் கொடிகளும் பயற்றங்காய்க் கொடிகளும் வளர்க்கலாம். கோடையில் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் நீர் உவர்ப்பாகும். ஆதலால் அடியில் வைக்கோல் பரப்பி ஈரத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

உழவு, களையெடுப்பு, அறுவடை நாட்களில் உடல் கூடுதல் உணவு கேட்கும். அப்போது வயிற்றை வாட்டவேண்டாம். சிறுவருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் உணவைக் குறைக்கலாகாது. நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ பெறுவோர், வைத்தியரைக் கேளாமல் மாப்பொருளைத் திடீரெனக் குறைத்தால் இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரக நோயுள்ளவர்களும் வைத்தியரின் ஆலோசனைப்படியே பருப்பு வகைகளை உண்ணவேண்டும்.

இன்று அளந்த இடுப்பளவை நாட்காட்டியிற் குறித்து வையுங்கள். தேநீரிற் பாதிச் சீனியையும் மாலைப் பணிசையும் இன்றே நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் அளந்து, குறைந்திருக்கிறதா எனப் பாருங்கள்.