வளர்க்கத் தெரியேல்லை என்று சொன்னவளுக்கு

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

"எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியேல்லை பெரியம்மா, அம்மா இருந்திருந்தா பார்த்துப் பழகியிருப்பன்" என்று நீ சொன்ன நாளிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே இருந்தேன். போனில் கதைத்தால் நீ அழத் தொடங்கிவிடுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். ஆறுதலாய் இருந்து வாசி.

குடும்பநல உத்தியோகத்தராய் வீடு வீடாக ஏறி இறங்கியவள் சொல்கிறேன்: பிள்ளை பிறந்த அன்றே வளர்க்கத் தெரிந்த தாயை நான் கண்டதில்லை. முதல் பத்து நாளுக்குள் நாங்கள் பார்க்கப் போகும்போது பிள்ளையைத் தூக்கவே அவளுக்குக் கை நடுங்கும். பிறகு கிளினிக்குக்கு வரும்போது பார்த்தால், ஒரு கையால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றக் கையால் கொப்பியை நீட்டுவாள். இடையில் யாரும் அவளுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பிள்ளை அழுதது, ஒன்றைச் செய்து பார்த்தாள், சரிவரவில்லை, வேறொன்றைச் செய்தாள், பிள்ளை அடங்கியது. திரும்பத் திரும்ப அப்படிச் செய்ததில் வந்த துணிவு அது. அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977 இல் எழுதியதும் இதைத்தான். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை முதலில் தானே செய்து முடித்ததிலிருந்து வருகிறது. அடுத்ததாய்த் தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பதிலிருந்து. பிறர் சொல்லும் நல்ல வார்த்தைக்கு அவற்றுக்குப் பிறகுதான் இடம். ஆகவே இதை வாசித்ததோடு நிறுத்திவிடாதே, செய்யச் சொல்லியும் சிலது எழுதியிருக்கிறேன்.

அம்மாவைப் பார்த்துப் பழகவில்லை என்கிறாய். ஏழு வயது வரைக்கும் பழகினாய். போரில் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று இடம்பெயர்ந்து மாத்தளன் வரை போன அந்த மாதங்களில் நான் உங்களுடன்தான் இருந்தேன். பின்னேரம் ஆனால், எந்த மரத்தடியில் இருந்தாலும், உன் அம்மா உனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவாள். எண்ணெய் இல்லாத நாளிலும் பின்னுவாள். பங்கருக்குள் மண்ணில் விரலால் எழுதிக் கூட்டல் கணக்குச் சொல்லித் தருவாள். செல் விழுந்தால் உன்னை மடிக்குள் அமத்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்கியதும் "விடை என்ன, சொல்லு" என்று கேட்பாள். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் அந்த நேரத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளை இழந்த பிறகு அம்மம்மா உன்னை அதே பின்னேரத்தில் அதே மாதிரி இருத்தித் தலை இழுத்ததை நீ மறந்திருக்கமாட்டாய்.

இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்கமும் சிறு பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே பிள்ளைகளைக் கூடுதலாக வாட்டியது என்றும், தாய் நிதானமாக இருந்த இடத்தில் பிள்ளையும் தாங்கிக்கொண்டது என்றும் எழுதி வைத்தார்கள். எங்கள் வடபகுதித் தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. போரைக் கண்ட பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனின் அன்பான கவனிப்பே பாதுகாப்பாய் இருந்திருக்கிறது என்றுதான் அதுவும் சொல்கிறது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நானும் இதைத்தான் கண்டேன். எல்லாருக்கும் ஒரே தறப்பாள் கொட்டில், ஒரே பருப்பு, ஒரே தண்ணீர் வரிசை. அதற்குள்ளும் சில தாய்மாரின் பிள்ளைகள் கொஞ்சம் தேறி இருந்தார்கள். அந்தத் தாய்மாரிடம் இரண்டு விசயத்தைக் கவனித்தேன். குளிப்பு, சாப்பாடு, படுக்கை எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு நேரம் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கொட்டில்களில் கதைக்க நாலு பெண்கள் இருந்தார்கள். படிப்போ காசோ அங்கே பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

மகன் கத்துகிறான், சாமான்களை எறிகிறான், அடித்தால்தான் அடங்குகிறான் என்றாய். மூன்று வயதில் ஒருநாளும் கத்தாத பிள்ளையைத்தான் நான் டொக்டரிடம் காட்டச் சொல்லுவேன். அடியாத மாடு படியாது என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இல் சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்குச் சுற்றறிக்கை வராது, நாங்களாய்த்தான் நிறுத்த வேண்டும். அடுத்து என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில்தான் கை ஓங்குகிறது. அதனால் என்ன செய்வதென்று முதலே தீர்மானித்து வை. எறிந்த சாமான் அன்றைக்கு அவனுக்கு இல்லை. நாளைக்கும் அதே கதைதான், அப்பம்மா வந்து நின்றாலும் அதே கதைதான். உனக்குக் கோபம் ஏறினால் அவனைத் தகப்பனிடம் விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவு. தப்பித் தவறி அடித்துவிட்டால், பிறகு தூக்கி வைத்து, "அம்மா அடிச்சது பிழை" என்று சொல்லு. அதனால் அவன் உன்னை மதிக்காமல் போகமாட்டான்.

மருமகன் மேசன் வேலை முடிந்து வந்து போனோடு இருந்துவிடுகிறார் என்பது உன் குறை. பின்னேரம் மகனைக் குளிப்பாட்டுகிற வேலையை முழுதாய் அவரிடம் கொடு. காதுக்குள் தண்ணீர் போகுது, சவர்க்காரம் கூடிப்போச்சு என்று பின்னால் நின்று சொல்லாதே. அவருக்கும் செய்து செய்துதான் வர வேண்டும். நீ ஒவ்வொன்றாய்த் திருத்தினால் நாளைக்கு அவர் கை வைக்கமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நுண்கடனுக்குக் கிழமைக் காசு கேட்டு ஆள் படலையடியில் நிற்கும்போது எந்தத் தாயாலும் பிள்ளையிடம் பொறுமையாய் இருக்க முடியாது. அது உன் குணத்தின் பிழை இல்லை. 2018 இல் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததென்றால், எத்தனை வீடுகள் அதில் சிக்கியிருந்தன என்று யோசித்துப் பார். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் எடுக்காதே. கட்ட முடியாமல் போனால் எனக்குச் சொல்லு, இருவருமாய்ப் போய்க் கதைப்போம்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போ. கடைசி வரிசையில் இருந்தாலும் போதும். மற்றவர்களின் பிள்ளைகளும் கத்துவதையும், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார். யூடியூப்பில் பார்க்கிற தாய்மாருக்கு உன் வளவும் தெரியாது, உன் வருமானமும் தெரியாது.

இரவில் போர்க்காலக் கனவுகள் இன்னும் வருகின்றன என்றால் அதைத் தனியே சுமக்காதே. கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நான் கூட வருவேன். அடுத்த கிழமை எந்த நாள் உனக்கு வசதி என்று மருமகனிடமும் கேட்டு அறிவி. வரும்போது மகனின் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வா, நிறையைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா