ஓட்டு ஊர்ல, வேலை திருப்பூர்ல

தொழிற்சாலைக்கும் ஓட்டுரிமைக்கும் என்ன சம்பந்தம்? முதல்ல இங்கிலாந்தைப் பார்ப்போம்.

பருத்தி ஆலைகளால் வளர்ந்த மான்செஸ்டருக்கு நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் கிடைத்ததே 1832 சட்டத்தால்தான். அப்பவும் ஓட்டு வசதியானவர்களுக்குத்தான். ஆலையில் உழைத்தவர்களுக்கு இல்லை. ஆனா ஒரே கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்தால் பேச்சு பரவும், சங்கம் உருவாகும். 1842-ல் ஓட்டு கேட்டு சார்ட்டிஸ்டுகள் கொடுத்த மனுவில் 30 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து! நாடாளுமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நகரத் தொழிலாளர்களில் பலருக்கு 1867-லும், 21 வயதான ஆண்கள் எல்லாருக்கும் 1918-லும் ஓட்டு வந்தது. பெண்களுக்குச் சம உரிமை கிடைக்க 1928 ஆச்சு.

நம்ம நாட்டில் கதை வேற. 1918-ல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்நின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, ஆலைத் தொழிலாளிக்கு ஓட்டு கிடையாது. பிறகு 1950-ல் அரசியலமைப்புச் சட்டம் சொத்து, படிப்பு எதுவும் பார்க்காம 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு கொடுத்தது. 1989-ல் அந்த வயசு 18 ஆனது.

திருப்பூர் பனியன் தொழில் ஏற்றுமதியில் பெரிசா வளர்ந்தது அதுக்கெல்லாம் பிறகு. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் ஸ்டிரைக் செய்த தொழிலாளர்கள் கையில் ஏற்கெனவே ஓட்டு இருந்தது.

இன்னிக்கு கட்டிங், தையல், செக்கிங்னு எங்க பார்த்தாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். பலருக்கு ஓட்டு சொந்த ஊர்ல. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோட லீவு தரணும்னு சட்டம் சொல்லுது. ஆனா அந்த ஒரு நாள்ல பீகார் போய்ச் சேரவே முடியாது! இங்கேயே பெயரை மாற்றலாம். அடிக்கடி ரூம் மாறுறவங்களுக்கு முகவரிச் சான்றுக்கு எங்க போவாங்க? வெளியூரிலிருந்தே ஓட்டுப்போட ஒரு இயந்திர மாதிரியை 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அது இன்னும் தேர்தலுக்கு வரலை.

அன்னிக்கு ஆலை, தொழிலாளியை ஓட்டு கேட்க வைத்தது. இன்னிக்கு வேலை, இருக்கிற ஓட்டிலிருந்தே அவரைத் தூரமாக்குது. குடிநீர், வாடகை, சாயக்கழிவு, பஸ் எல்லாம் அவர் வாழுற ஊர்ல முடிவாகுது; அதில் அவர் குரல் இல்லை.

ஹாஸ்டல்ல இருக்கிற உங்களுக்கும் இதே நிலைதானே? புதுசா பதிய படிவம் 6, முகவரி மாற்ற படிவம் 8. ஹாஸ்டல் முகவரியிலும் பதியலாம், வீட்டு முகவரியிலும் பதியலாம். ரெண்டு இடத்தில் மட்டும் கூடாது. தேர்தல் அறிவிக்கும் வரை காத்திருக்காதீங்க, இப்பவே பாருங்க!